ஈரோட்டில் பிறந்த கணிப்பொறிப் பாட்டனார்

வெள்ளி விழா மலரில் முன்னோரை நினைத்தல் நல்லோர் மரபு. முன்னோர் எனப்படுவோர் இருவகையினர். குருதிவழி வந்தோர் ஒரு வகை. கல்விவழி வந்தோர் மற்றொரு வகை. குருதிவழி முன்னோரை நாம் தேர்ந்துகொள்வதில்லை. கல்விவழி முன்னோரையோ நாமே தேடியறிந்து நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறோம்.

நம் மங்கலம் வட்டாரத்தில் தந்தையைப் பெற்றவரை அப்பாரு என்றும் தாத்தா என்றும் அழைக்கிறோம். அவர் தேடிவைத்த நிலமும் வீடும் பேரனைச் சேர்வது உலக வழக்கு. நிலமும் நூலும் ஒருங்கே மறுக்கப்பட்ட நம் குடும்பங்களில் பேரனைச் சேர்ந்தவை உழைப்பும் தன்மானமுமே. ஆகவே, கல்விச் செல்வத்தை நாம் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்துச் சென்றவர் எக்குடியிற் பிறந்தவராயினும், எவ்வூரில் வாழ்ந்தவராயினும், அவரை நம் பாட்டனார் வரிசையில் வைத்து எண்ணுதல் பொருத்தமாகும்.

அவ்வாறு எண்ணத்தக்க பெரியார் ஒருவர் பேராசிரியர் வைத்தீசுவரன் இராஜாராமன். அவர் 1933 செப்டம்பர் 8ஆம் நாள் நமக்கு அண்டை நகராகிய ஈரோட்டில் பிறந்தார். 2025 நவம்பர் 8ஆம் நாள், தம் 92ஆம் வயதில், பெங்களூரில் இயற்கை எய்தினார். கணிப்பொறியை ஏவி வேலை வாங்கும் முறையை, அதாவது நிரல் எழுதும் கலையை, இந்நாட்டு மாணவர்க்கு முறையான பாடமாக வகுத்துத் தந்தோருள் அவர் தலையாயவர். இன்று நம் பிள்ளைகளுள் கணிப்பொறிப் பாடம் பயில்வோர் பலர். அப்பாடம் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த வரலாற்றையும், அதன் வாயிலை அகலமாக்கிய இப்பெரியாரின் வாழ்வையும், அவ்வரலாற்றில் நமக்குரிய இடத்தையும் அறிந்துகொள்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தறியில் பிறந்த எண்ணம்

கணிப்பொறி என்றதும் அது தமக்கு அயலான பொருள் என்று நம் இளைஞருள் சிலர் மருளுவதுண்டு. வரலாறு அறிந்தோர்க்கு அம்மருட்சி தேவையில்லை. கணிப்பொறிக்கு மூலமான எண்ணங்களுள் ஒன்று தறியில்தான் பிறந்தது.

தறி ஓட்டுவோர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பாவு நூல்களுள் சில எழவேண்டும், சில தாழவேண்டும். இடையே நாடா ஓடி ஊடையைச் செலுத்தும். எந்நூல் எழவேண்டும், எந்நூல் தாழவேண்டும் என்னும் ஒழுங்கே துணியின் வேலைப்பாடு ஆகிறது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில், 1804ஆம் ஆண்டை ஒட்டி, ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர் இவ்வொழுங்கைத் துளையிட்ட அட்டைகளில் பதித்தார். துளை உள்ள இடத்துக்குரிய பாவு நூல் எழும். துளை இல்லாத இடத்துக்குரியது தாழ்ந்தே நிற்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளைத் தொடராகக் கோத்துவிட்டால் தறியே பூவை நெய்துவிடும். அட்டைத் தொடரை மாற்றினால் அதே தறி வேறொரு பூவை நெய்யும். இயந்திரம் ஒன்றே, ஏவல் மட்டும் வேறு. இவ்வேவலின் தொடரையே இக்காலத்தார் நிரல் என்றும் புரோகிராம் என்றும் வழங்குகின்றனர்.

இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர், தாம் வகுத்த பகுப்புப் பொறிக்கு இந்த அட்டைகளையே எடுத்துக்கொண்டார். அப்பொறி முழுமையாகக் கட்டி முடிக்கப்படவில்லை. எனினும் அதற்கு ஏவல் எழுதும் முறையை ஏடா லவ்லேஸ் என்னும் பெண்மணி 1843இல் விரிவாக விளக்கினார். நிரல் எழுதும் கலையின் வரலாற்றில் முதல்வரிசையில் வைத்துப் போற்றப்படுபவர் ஒரு பெண் என்பதை நம் சகோதரியர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர், 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளைக் கொண்டு கணக்கைத் தொகுத்தார். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது. அந்நிறுவனத்தின் பொறிகளே நம் இராஜாராமன் வரலாற்றிலும் இடம்பெறுகின்றன. அவர் மாணவர்க்குக் கற்பித்த தொடக்கக் காலத்தில் நிரல்கள் துளையட்டைகளிலேயே எழுதப்பட்டன. தறியின் அட்டைக்கும் கணிப்பொறியின் அட்டைக்கும் உள்ள உறவு இதுவே. பாவும் ஊடையும் அறிந்த கைகளுக்குக் கணிப்பொறி முற்றிலும் புதியதன்று.

தில்லியில் பயின்ற ஈரோட்டுப் பிள்ளை

ஈரோட்டிற் பிறந்த இராஜாராமன் பள்ளிப் படிப்பைத் தில்லியில் பெற்றார். அவர் பயின்ற பள்ளி, தலைநகரிற் குடியேறிய தென்னாட்டார் தம் பிள்ளைகளுக்காக ஒரு கல்விச் சங்கம் அமைத்து நடத்திய பள்ளியாகும். அங்கு 1949இல் பள்ளிப் படிப்பை முடித்தார். சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் சிறு சந்தாக்களைத் திரட்டி நடத்தும் கல்விச் சங்கங்களை எளியவையென்று எண்ணுதல் கூடாது. நாட்டின் கணிப்பொறிக் கல்விக்கு வழிகாட்டிய ஒருவர் அத்தகைய சங்கத்தின் பள்ளியிலிருந்துதான் புறப்பட்டார். நம் கழகத்தின் பணி எத்துணை உயர்ந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தில்லியில் இயற்பியலில் பட்டம் பெற்றபின், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்தொடர்புப் பொறியியல் பயின்றார். அங்கு அமெரிக்கப் பேராசிரியர் வின்சென்ட் ரைடவுட் வழிகாட்ட, மின்னணு முறையில் இயங்கும் ஒப்புமைக் கணிப்பொறி ஒன்று 1950களின் நடுவில் உருவாயிற்று. அப்பணியில் இளைஞர் இராஜாராமன் பங்குகொண்டார். கடையில் வாங்கிய பொறியை இயக்குதல் எளிது. வால்வும் கம்பியும் கொண்டு ஒன்றைக் கட்டியவர்க்கே அதன் உள்ளியல்பு விளங்கும். பிற்காலத்தில் அவர் எழுதிய நூல்களின் தெளிவுக்கு இத்தொடக்கமும் ஒரு காரணம் எனலாம்.

பின்னர் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1959இல் முதுநிலைப் பட்டமும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1961இல் முனைவர் பட்டமும் பெற்றார். அக்காலத்தில் அத்தகைய படிப்பு முடித்தவர்க்கு அமெரிக்காவிலேயே நல்ல வாழ்வு காத்திருந்தது. அவரோ சில ஆண்டுகளுக்குள் தாய்நாடு திரும்பி, 1959இல் தொடங்கப்பெற்றிருந்த கான்பூர் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆசிரியரானார்.

அப்போது நாட்டிலிருந்த கணிப்பொறிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பொறி ஒன்று 1950களின் நடுவிலேயே நிறுவப்பட்டது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில், சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில், நம் நாட்டவரே ஒரு பொறியைக் கட்டி 1960இல் இயக்கினர். இவை ஆய்வாளர்களின் கருவிகளாய் விளங்கின. அவற்றைச் சாதாரண மாணவன் தொட்டுப் பழகும் நிலை பெரும்பாலும் இல்லை.

கான்பூரில் திறந்த வாயில்

1963ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி கான்பூரில் நிறுவப்பட்டது. அதன் அடிப்படை அமைப்பில் நினைவகம் 20,000 இலக்கங்களையே கொள்ளும். இன்றைய எளிய கைப்பேசி எடுக்கும் ஒரு நிழற்படம் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அப்பொறியில் கூட்டல் செய்வதற்கென்று தனி உறுப்புக்கூட இல்லை. கூட்டல் வாய்பாட்டை நினைவகத்தில் எழுதி வைத்திருக்க, தொடக்கப்பள்ளிச் சிறுவன் வாய்பாட்டைப் பார்த்து விடை சொல்வதுபோல், அப்பொறியும் அதைப் பார்த்தே கூட்டிற்று.

பொறி சிறியதாயினும் அதை வைத்துச் செய்த பணி பெரிது. மாணவர்கள் தம் கையாலேயே நிரல் எழுதி, அட்டையில் துளையிட்டு, பொறியில் இட்டு, விடை பெறப் பயின்றனர். ஓர் எழுத்துப் பிழையானாலும் பொறி மறுத்துவிடும். பிழையைக் கண்டு திருத்தி, மீண்டும் தம் முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். பொறுமையும் ஒழுங்கும் அப்பயிற்சியின் முதற்பாடங்களாயின. கான்பூர் மாணவரோடு இப்பயிற்சி நின்றுவிடவில்லை. பிற பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்கள், ஆய்வுக்கூட அறிவியலார், தொழில் நிறுவனத்தார் ஆகியோர்க்கும் சில நாட்களில் முடியும் செறிவான வகுப்புகள் நடத்தப்பட்டன. அமெரிக்கப் பேராசிரியர்களும் நம் நாட்டு ஆசிரியர்களும் ஒருங்கிருந்து அவற்றை நடத்தினர். அங்குக் கற்றுச் சென்றவர் தத்தம் ஊரில் பிறர்க்குக் கற்பித்தனர். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பட்டன.

1965இல் கணிப்பொறி இயலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட முதுநிலைப் பொறியியல் படிப்பு அங்குத் தொடங்கப்பட்டது. இந்நாட்டில் அத்துறைக்கு அமைந்த முதல் முறையான உயர்படிப்பு அதுவே. அதனைத் தோற்றுவித்ததில் இராஜாராமன் அவர்களின் பங்கு முதன்மையானது. பிற்காலத்தில் இன்போசிஸ் நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான நாராயண மூர்த்தி, 1960களின் இறுதியில் கான்பூரில் முதுநிலை பயின்றவரே. தமிழகத்தைப் பொறுத்தவரை, சென்னை இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1973இல் ஐ.பி.எம். 370 வகைப் பெரும்பொறி நிறுவப்பட்டபின் இத்துறை வேகமாக வளர்ந்தது.

மாணவர் கைக்கு எட்டிய நூல்

கல்விக்கூடத்தின் கதவு திறந்திருந்தாலும் நூலின் விலை மற்றொரு கதவாக நின்று தடுப்பதுண்டு. 1960களில் நிரல் எழுதும் கலை பற்றிய நூல்கள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. அவற்றின் விலை நம் நாட்டு மாணவர்க்கு எட்டாதது. இந்நிலையில் இராஜாராமன் அவர்கள், வகுப்பறையிற் கற்பித்த பட்டறிவைக் கொண்டு, பார்ட்ரன் என்னும் கணிப்பொறி மொழியில் நிரல் எழுதும் முறையை விளக்கும் நூலை இயற்றினார். அது 1969இல் புதுதில்லியிலிருந்து, மாணவர் வாங்கக்கூடிய விலையில் வெளியாயிற்று. எளிய ஆங்கிலத்தில், சிறு எடுத்துக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக உயர்வது அவர் நடை. அருகில் கணிப்பொறி இல்லாத ஊரிலிருந்த மாணவனும் தாளும் எழுதுகோலும் கொண்டு நிரலின் இயல்பை அதனால் அறியலாயிற்று. அந்நூலைத் தொடர்ந்து, கணிப்பொறியின் அடிப்படைகள், சி மொழி, எண்முறைக் கணிப்பு, தகவல் அமைப்புகளின் ஆய்வு எனப் பல பொருள் பற்றி இருபதுக்கும் மேற்பட்ட பாடநூல்களை எழுதினார். பல தலைமுறை மாணவர்களின் கைகளில் அவை தவழ்ந்தன.

குறைந்த விலையில் அறிவைத் தருதலின் அருமையை நம் சமுதாயம் நன்கறியும். நம் முன்னோர் அதனை முன்னரே செய்து காட்டியவர்கள். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓர் இதழைத் தொடங்கியபோது, அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்றே பெயரிட்டார். விலையையே பெயராக வைத்தமையின் உட்பொருளை நாம் உணர்தல் வேண்டும். கூலி வாங்கும் கையும் வாங்கத்தக்கதாய் அறிவு இருத்தல் வேண்டும் என்பதே அப்பெயரின் அறைகூவல். பண்டிதர் இதழுக்கும் பேராசிரியர் நூலுக்கும் காலமும் களமும் வேறு. பண்டிதர் தம் மக்களின் விடுதலைக்காகவே எழுதினார். பேராசிரியர் மாணவர் அனைவர்க்குமாக எழுதினார். எனினும் அறிவின் விலையைக் குறைத்த செயலால் இருவரையும் ஒருசேர நினைக்கிறோம்.

எம்.சி.ஏ. என்னும் நெடுவழி

பேராசிரியரின் பணிகளுள் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு மிகவும் பயன்பட்டது எதுவெனின், எம்.சி.ஏ. என்னும் படிப்பே எனத் துணிந்து கூறலாம். அதன் வரலாறு பின்வருமாறு.

1970களின் இறுதியில் நாட்டுக்குத் தேவையான கணிப்பொறி வல்லுநர்களை எங்ஙனம் பெருக்குவது என்னும் வினா எழுந்தது. பொறியியல் கல்லூரிகளில் இடங்கள் மிகச் சில. அவற்றை மட்டும் நம்பினால் தேவை நிறைவேறாது. நடுவண் அரசின் மின்னணுத்துறை சார்பில், மனிதவளம் பற்றி ஆராய இராஜாராமன் அவர்கள் தலைமையில் ஒரு குழு அமைந்தது. கலை, அறிவியல் கல்லூரிகளிற் பட்டம் பெற்றோர்க்கும் இத்துறையில் இடம் வேண்டும். கணிதம் அறிந்த பட்டதாரிகளை எடுத்து மூன்றாண்டு பயிற்றினால் அவர்கள் திறமையான நிரலாளர் ஆவர் என்பது அக்குழுவின் கருத்தாயிற்று. அதன் விளைவாக 1980களில் எம்.சி.ஏ. படிப்பு நாடெங்கும் பரவிற்று. 2020ஆம் ஆண்டு முதல் அது இரண்டாண்டுப் படிப்பாக நடைபெற்று வருகிறது.

இதன் பயனை நம் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், மகளிர்க்கென எல்.ஆர்.ஜி. அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று வரலாம். பிளஸ் டூவில் மதிப்பெண் சற்றுக் குறைந்தமையால் பொறியியல் இடம் கிட்டாத பிள்ளையும், கட்டணத்துக்கு அஞ்சி அதை விண்ணப்பியாத பிள்ளையும், அரசு கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் மீண்டும் ஒருமுறை முயல்வதற்கு எம்.சி.ஏ. வழிவகுத்தது. பதினேழு வயதில் தவறிய வாய்ப்பு இருபது வயதில் திரும்பவும் வந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரி மிதிப்பவர்க்கு இரண்டாம் வாய்ப்பு என்பது எத்துணைப் பெரிது என்பதை நாம் அறிவோம்.

வாயிலும் படிக்கட்டும்

எனினும் வரலாற்றை முழுமையாகக் கூறுதல் நம் கடன். வாயில் திறந்திருப்பது ஒன்று. அவ்வாயிலை அடையப் படிக்கட்டு இருப்பது மற்றொன்று. கான்பூரில் 1965இல் உயர்படிப்பு தொடங்கியபோது இந்தியத் தொழில்நுட்ப நிறுவனங்களில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடஒதுக்கீடு இல்லை. அது 1973இல்தான் நடைமுறைக்கு வந்தது. வாயிலைத் திறந்தவர் ஆசிரியர். படிக்கட்டைக் கட்டியது நெடிய உரிமைப் போராட்டமே. இரண்டும் சேர்ந்தே நம் பிள்ளைகளை உள்ளே கொண்டுசென்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் நன்றி பாராட்டி மற்றொன்றை மறத்தல் தகாது.

படிக்கட்டு இன்றி வாயிலுக்கு வந்தவர் பட்ட இன்னல் நம் அண்டை நகராகிய கோவையிலேயே பதிவாகியுள்ளது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயமுத்தூரிற் பயின்றவர். தம் பிறப்பு வெளிப்பட்டால் இழிவு நேருமே என அஞ்சி, உடன்பயில்வோரோடு கலந்து விளையாடாது ஒதுங்கி நின்றதை அவர் தம் வரலாற்றுச் சுருக்கத்தில் குறித்துள்ளார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்ததும் இப்படிக்கட்டைக் கட்டும் பணியே. 1944 முதல் வழங்கப்பட்டு வரும் மேற்படிப்பு உதவித்தொகை, ஆதிதிராவிடர் நல விடுதிகள், தமிழகத்தில் தாழ்த்தப்பட்டோர்க்குரிய 18 விழுக்காடு ஒதுக்கீடு, அதனுள் 2009இல் அருந்ததியர்க்கு அமைந்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை, 2021இல் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் அமைந்த 7.5 விழுக்காடு முன்னுரிமை ஆகிய யாவும் இப்படிக்கட்டின் படிகளாம். இவற்றை அறியாமையால் இழந்த இடங்கள் நம் ஊரிலும் உண்டு. இனி இழக்கலாகாது.

பொறியைத் தொட்டுப் பழகும் வாய்ப்பும் ஒரு படியே. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, ஓட்டு வீட்டிலும் ஒரு கணிப்பொறி வந்து அமர்ந்தது. 1963இல் ஒரு நிறுவனம் முழுவதற்கும் ஒன்றாயிருந்த பொறி, ஐம்பது ஆண்டுக்குள் ஒரு மாணவிக்கு ஒன்றாயிற்று.

சனிக்கிழமைக் கூலியும் மூன்றாண்டுப் படிப்பும்

நம் பகுதியிற் கல்விக்கு எதிரியாக நிற்பது வறுமை மட்டுமன்று. உடனடி வருவாயும் அதற்கு இணையான எதிரியே. பத்தாம் வகுப்பு முடித்த சிறுவனைப் பனியன் கம்பெனி அழைக்கிறது. செக்கிங், கைமடி, ஓவர்லாக் என ஏதேனும் ஒரு வேலை கிடைத்துவிடும். சனிக்கிழமை மாலை கையிற் கூலி வந்துவிடும். மூன்றாண்டுப் படிப்பின் பயனோ மூன்றாண்டு கழித்தே தெரியும். வீட்டில் கடன் இருக்கும்போது சனிக்கிழமைக் கூலியே வெல்லுதல் இயல்பு. அச்சிறுவனையும் அவன் பெற்றோரையும் குறை கூற நமக்கு வாய் இல்லை. உழைப்பை இழிவென்று கருதுவோர் அல்லர் நாம். திருப்பூரின் செல்வம் அவ்வுழைப்பின் மேல் எழுந்ததே.

ஆயினும், அவ்வுழைப்புக்குரிய தொழில் நிலையாய் நிற்பதில்லை என்பதையும் கண்டிருக்கிறோம். நொய்யலாற்றின் மாசு காரணமாக 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் தறியும் தையலும் ஒருங்கே நின்றன. அத்தகைய காலங்களில் வேறொரு திறமை கையில் உள்ளவர் மீண்டெழுந்தனர். மற்றவர் கடனில் ஆழ்ந்தனர்.

மேலும், கணிப்பொறி இன்று கம்பெனிக்கு வெளியே இல்லை. ஆடைக்கு அளவுப்படம் வரைதல், எம்ப்ராய்டரி எந்திரத்துக்கு வேலைப்பாட்டைப் பதித்தல், காலர் நெய்யும் எந்திரத்தை இயக்குதல், ஏற்றுமதிக்குரிய ஆவணம் தயாரித்தல் யாவும் கணிப்பொறியாலேயே நடைபெறுகின்றன. ஜக்கார்டின் அட்டை தறியை விட்டுப் புறப்பட்டு, உலகைச் சுற்றி, கணிப்பொறியாக மீண்டும் துணித்தொழிலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதன்முன் அமர்ந்து ஏவல் எழுதுபவர் யார், அதன் ஏவலுக்கு உட்பட்டு வேலை செய்பவர் யார் என்பதே நம் தலைமுறையின் வினா. இவ்விருவருக்கும் இடையிலுள்ள வேற்றுமை கல்வி ஒன்றே.

ஓய்வறியா முதுமை

1982இல் இராஜாராமன் அவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு வந்து, மீக்கணிப்பொறிக் கல்வி ஆய்வு மையத்தின் தலைவராக 1994 வரை பணியாற்றினார். அறிவியல் ஆய்வுக்குரிய பட்நாகர் பரிசு 1976இலும், பத்மபூஷண் விருது 1998இலும் அவரைத் தேடி வந்தன. பணி ஓய்வுக்குப் பின்னர் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்திற் பேராசிரியராயிருந்து கற்பித்தார்.

ஓய்வு பெற்றார் என்று கூறுகிறோமேயொழிய, அவர் ஓய்ந்திருந்ததாகக் கூற இயலாது. பழைய நூல்களைக் காலத்துக்கேற்பத் திருத்திப் புதுப்பித்தார். அட்டையில் துளையிட்டுத் தொடங்கியவர், புதிய புதிய கணிப்பொறி மொழிகள் தோன்றியபோதெல்லாம் தாமே முதலிற் கற்றுப் பின்னர் எழுதினார். ரெசொனன்ஸ் என்னும் அறிவியற் கல்வி இதழில் மாணவர்க்கு விளங்கும்படி கட்டுரைகள் வரைந்தார். எண்பது வயதை நெருங்கிய காலத்தில், 1955 முதல் 2010 வரையிலான இந்தியக் கணிப்பொறி வரலாற்றை எழுதி 2012இல் வெளியிட்டார். கற்றவர் கற்றதைச் சொல்லாமற் சென்றால் அவ்வறிவு அவரோடு மறையும் என்பதை உணர்ந்த பெரியார் அவர். நம் வீடுகளில் தாத்தாக்கள் கதை சொல்லி வரலாற்றை விட்டுச் செல்வதுபோல், அவர் எழுத்தில் விட்டுச் சென்றார்.

அவர் கையால் நேரே கற்றவர் சில ஆயிரவர் இருக்கலாம். அவர் நூலால் கற்றவர்க்கும், அவர் குழு வகுத்த படிப்பால் வாழ்வு பெற்றவர்க்கும் கணக்கில்லை. பெயர் அறியாமலேயே அவர்க்குக் கடன்பட்டோர் நம் தெருவிலும் உண்டு.

நாம் செய்யவேண்டுவன

பெரியோரை நினைப்பது புகழ்மாலை சூட்டுவதோடு நின்றுவிடலாகாது. அவர் செயலை நம் அளவில் செய்தலே உண்மையான நன்றி. பேராசிரியர் வாழ்விலிருந்து மூன்று கடமைகளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கற்றவர் கற்பித்தல். கான்பூரின் சிறு பயிற்சி வகுப்புகள் ஆயிரம் ஊர்களுக்கு விளக்கேற்றின. நம்மவருள் கணிப்பொறிப் பணியில் அமர்ந்தோர் கோவையிலும் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கின்றனர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் வரும்போது ஒரு வாரம் தங்கி, பிளஸ் டூ மாணவர்க்கு நிரல் எழுதக் கற்பித்தால் அதுவே பெருந்தொண்டு. பத்துப் பேர் கற்றால் இருவரேனும் தொடர்வர்.

இரண்டாவது, நூலை எளிதிற் கிடைக்கச் செய்தல். படித்து முடித்த பாடநூல்களைப் பழைய தாளுக்குப் போடாமல் கழக நூலகத்துக்குத் தருதல் வேண்டும். பழுதான மடிக்கணினியையும் தரலாம்; அதைப் பிரித்துப் பார்த்தே பொறியின் உள்ளியல்பை ஒரு மாணவன் அறிவான்.

மூன்றாவது, இரண்டாம் வாய்ப்பை மறுக்காதிருத்தல். பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவரையும், கம்பெனி வேலைக்குச் சென்றுவிட்டவரையும், திருமணமாகிப் படிப்பை நிறுத்திய சகோதரியையும், முடிந்துபோன கணக்கென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. வயது கடந்தபின்னும் வரலாம் என்று ஒரு வழியைத் திறந்து வைத்தவரை நினைக்கும் நாம், நம் ஊரில் அவ்வழியை அடைக்கலாமா?

இளைஞர்களே! பிழை நேர்ந்தால் பொறி மறுக்கும். அஞ்சாது பிழையைத் தேடித் திருத்தி மீண்டும் இடுங்கள். அன்று கான்பூரில் முறைக்காகக் காத்திருந்த மாணவர்க்கும் அதுவே விதி. இன்று உங்களுக்கும் அதுவே விதி. அவ்விதியில் மேற்குடி கீழ்க்குடி என்னும் பிரிவு இல்லை. சரியாக எழுதியவர் எவரோ அவர்க்கு விடை கிட்டும். நூற்றாண்டுகளாய் நமக்கு மறுக்கப்பட்ட நேர்மை, ஏவல் எழுதுவோனின் பெயரைக் கேளாத அப்பொறியின்முன் சற்றேனும் கிட்டுகிறது. அந்நேர்மையைக் கணிப்பொறியோடு நிறுத்திவிடாமல், நேர்காணல் அறைக்கும் பணியிடத்துக்கும் சமுதாயம் முழுமைக்கும் கொண்டுசேர்ப்பது நம் அடுத்த பணி.

கல்விவழியில் பேரன் பேத்தியராய் வந்த நாம், நாளை பிறர்க்குப் பாட்டன் பாட்டியராக வேண்டியவர்கள். இன்னும் இருபத்தைந்து ஆண்டு கழித்துப் பொன்விழா மலர் வெளிவருங்கால், மங்கலத்திற் பிறந்த ஒருவர் எழுதிய பாடநூலைப் பற்றி அதில் ஒரு கட்டுரை இடம்பெறுவதாக. அதற்கான முதல் வரியை இன்றே எழுதத் தொடங்குவோமாக.